மூத்த ரிலீஸைக் கேட்கும் ஒரே கம்ப்யூட்டர்

அந்தக் கட்டடத்தில் அவருக்கு மிரர்காரர் என்றுதான் பெயர். சம்பளச் சீட்டில் வேறொரு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், அது தன்னைத்தான் என்று புரிந்து அவர் திரும்பிப் பார்க்கக் கொஞ்ச நேரம் ஆகும். பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் மையத்தின் கீழ்த்தளம். படி இறங்கி இடப்பக்கம் திரும்பினால் ஜெனரேட்டர் அறை, அதைத் தாண்டினால் அவருடைய அறை. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிற நாளிலும் உள்ளே அவர் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தக் குளிர் அவருக்காக இல்லை, சர்வர்களுக்காக. மெஷினுக்கு வியர்த்தால் ஓடி வருவார்கள், மனுஷன் விறைத்தால் யார் கேட்கப் போகிறார்கள் என்று வாட்ச்மேன் சொல்வார். அந்த அறைக்கு வேலை இல்லாமல் எட்டிப் பார்க்கிற ஒரே ஆள் அந்த வாட்ச்மேன்தான். அதுவும் டீ ஆறிவிடும் என்று சொல்லிக்கொண்டு அவசரமாகப் போய்விடுவார்.

அவருடைய வேலையைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. லினக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுகிறவர்கள், எங்கோ தொலைதூரத்தில் ஒரு தலைமை சர்வரில் அதை வைத்திருக்கிறார்கள். இங்கே கல்லூரியிலும் ஆபீஸிலும் கடையிலும் இருக்கிற கம்ப்யூட்டர்கள் எல்லாம் அப்டேட் வேண்டும் என்று அவ்வளவு தூரம் போய் நின்றால் லைன் திணறிப்போகும். அதனால் அங்கே இருப்பதை அப்படியே பிரதி எடுத்து இங்கே ஒரு சர்வரில் வைப்பார்கள். அதுதான் மிரர். தினமும் ஸ்க்ரிப்ட் என்கிற சின்ன ப்ரோக்ராம் ஒன்று தானாக ஓடி, தலைமை சர்வரையும் இதையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அங்கே வந்தது இங்கேயும் வரும். அங்கே போனது இங்கேயும் போகும். அந்த ஸ்க்ரிப்டுக்குப் பாசம் பந்தம் எதுவும் கிடையாது.

அவர் வைத்திருந்தது ஒரு ரிலீஸ், அதாவது ஒரு பதிப்பு, மட்டும் இல்லை. சில வருஷத்துக்கு ஒரு தடவை புது ரிலீஸ் வரும். அது வந்த பிறகும் பழையதை வைத்து ஓட்டுகிறவர்கள் இருப்பார்கள், அதற்கும் கொஞ்ச காலம் பழுது பார்த்துத் தருவார்கள். அப்படி அவர் மிரரில் மூன்று இருந்தன. மூத்தது, நடுவிலது, கடைக்குட்டி என்று அவர் சொல்வார். கல்யாணம் ஆகாத மனுஷனுக்கு மூணு பிள்ளை என்று வாட்ச்மேன் கேலி செய்தால், "மூணும் சொன்ன பேச்சு கேக்கும்" என்று பதில் வரும்.

சொன்ன பேச்சு கேட்ட மூத்ததைத்தான் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். எழுதியவர்களே இனி இதற்குப் பழுது பார்க்க மாட்டோம் என்று அறிவித்து, தலைமை சர்வரிலிருந்து எடுத்துப் பழைய சரக்கு வைக்கிற வேறொரு சர்வருக்கு மாற்றிவிட்டார்கள். ஸ்க்ரிப்டை அதன் போக்கில் விட்டிருந்தால் இங்கேயும் அன்றைக்கே போயிருக்கும். ஆனால் மிரர்காரர் முந்திக்கொண்டு ஸ்க்ரிப்டில் ஒரு வரி சேர்த்தார். மூத்ததை மட்டும் தொடாதே என்று அர்த்தம். அது நடந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது.

ஏன் சேர்த்தார் என்பதற்குக் காரணம் ஒரு கடை.

காலையில் வந்ததும் அவர் செய்கிற முதல் வேலை, மிரருக்கு யார் யார் வந்து என்ன கேட்டார்கள் என்கிற பதிவைத் திறப்பது. ஆயிரக்கணக்கான வரிகள் ஓடும். அதில் மூத்ததைக் கேட்டு வருகிற வரிகளை மட்டும் வடிகட்டுவார். மற்றவர்கள் ஒவ்வொருவராக அடுத்த ரிலீஸுக்குப் போய்விட, கடைசியில் ஒரே ஒரு கம்ப்யூட்டர் மிஞ்சியது. ஆபீஸ் நேரம் தொடங்கிக் கொஞ்சம் கழித்து அது வரும். புதுசாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்கும். ஒன்றும் இல்லை என்று மிரர் சொல்லும். போய்விடும். அவ்வளவுதான். தான் யார் என்று சொல்லிக்கொள்கிற இடத்தில் அந்தக் கம்ப்யூட்டர் ஆங்கில எழுத்தில் 'அண்ணன் கடை' என்று சொல்லும். அப்படிச் சொல்லும்படி அமைத்தவர் இவர்தான். விளையாட்டாகச் செய்தது, நல்லா இருந்த காலத்தில்.

அவருடைய அண்ணன் வேறொரு ஊரில் ஜெராக்ஸ், பிரிண்டிங் கடை வைத்திருக்கிறார். பஸ்ஸில் போனால் அரை நாள். அப்பா இறந்த பிறகு அவர்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டார், தம்பியைப் படிக்க வைத்தார். அந்தக் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவர் மிரர்காரர்தான். பட்டம் வந்த அன்று அண்ணன் அதை ஜெராக்ஸ் எடுத்து, லேமினேஷன் போட்டு, கடையில் வாடிக்கையாளர் கண்ணில் படுகிற மாதிரி மாட்டினார். யாராவது இது என்ன என்று கேட்டால் லேமினேஷனுக்கு மாதிரி என்பார். கேட்காதவர்களுக்கும் அதைத்தான் சொல்வார்.

கடைக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் பென் டிரைவில் எல்லாம் வைரஸ். கம்ப்யூட்டர் வாரா வாரம் படுத்துக்கொண்டது. தம்பி போய் அதைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டுக்கொடுத்தார். அப்போது அதுதான் புத்தம்புதுசு, இப்போது மூத்தது. அண்ணன் முதலில் திட்டித் தீர்த்தார். எதுவுமே இருந்த இடத்தில் இல்லை, என்னுடைய கடையில் எனக்கே வழி தெரியவில்லை என்றார். ஒரு மாதத்தில் பழகிப்போய், பக்கத்துக் கடைக்காரரிடம், "நம்ம கம்ப்யூட்டருக்குக் காய்ச்சலே வராது. தம்பி போட்ட ஊசி அப்படி" என்று பெருமை அடித்துக்கொண்டார்.

பிறகு அது நடந்தது. அண்ணிக்குச் சித்தப்பா மகள் ஒருத்தி. நல்ல பெண், படித்தவள். அண்ணனும் அண்ணியும் அவளைத் தம்பிக்கு என்று மனதில் முடிவு செய்து, பெண் வீட்டில் பேசி, ஒரு நாளும் குறித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் தம்பியிடம் சொன்னார்கள். தம்பிக்கு அந்தப் பெண்ணிடம் குறை எதுவும் இல்லை. பயம்தான். தன்னோடு இன்னொரு ஆள் ஒரே அறையில், காலையும் மாலையும், பதில் எதிர்பார்த்துக்கொண்டு இருப்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நேரில் போய்ச் சொல்லத் தைரியம் இல்லை. வேலை நேரத்தில் சர்வர்களுக்கு நடுவில் நின்றபடி போனில் ரெண்டு வரி தட்டிவிட்டார். எனக்கு இப்போது கல்யாணம் வேண்டாம், அவர்களிடம் சொல்லிவிடவும். ஆபீஸ் கடுதாசி மாதிரி இருந்தது.

அண்ணன் திரும்ப ஒரு வரிதான் அனுப்பினார், சரி என்று. அண்ணிக்குத் தன் சித்தப்பா வீட்டில் தலை காட்ட முடியாமல் போனதும், அண்ணன் அவர்கள் முன்னால் கை கட்டி நின்றதும் வேறு ஆட்கள் சொல்லி இவருக்குத் தெரியவந்தது. இவர் போன் செய்யவில்லை. அவரும் செய்யவில்லை. இன்றைக்குப் பண்ணலாம், நாளைக்குப் பண்ணலாம் என்று தள்ளித் தள்ளி, போன் செய்வதற்கே ஒரு காரணம் சொல்ல வேண்டிய நிலைமை வந்துவிட்டது. வருஷங்கள் ஓடிப்போயின.

மிச்சம் இருந்தது அந்த ஒரு கம்ப்யூட்டர். காலையில் அது வந்து கேட்டால் அண்ணன் கடை திறந்துவிட்டார், உடம்பு நன்றாக இருக்கிறது. தாமதமாக வந்தால் எங்கேயோ போய்விட்டு வந்திருக்கிறார். வராத நாள் கடை விடுமுறை. மிரர்காரருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும் என்று இருந்தது. ஒரு தடவை மட்டும் விடுமுறை எதுவும் இல்லாத வாரத்தில் அது வரவே இல்லை. முதல் நாள் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார். அடுத்த நாளிலிருந்து போனை எடுப்பார், அண்ணன் பெயர் வரைக்கும் போவார், வைத்துவிடுவார். இத்தனை வருஷம் கழித்து எதற்குக் கூப்பிட்டாய் என்று கேட்டால், உன் கம்ப்யூட்டர் வரவில்லை என்றா சொல்வது. வாரம் முடிந்து மறுபடியும் 'அண்ணன் கடை' என்ற வரி தலைகாட்டியபோது, யாரும் இல்லாத அந்த அறையில் எழுந்து நின்று ஸ்வெட்டரைக் கழற்றி, மறுபடியும் போட்டுக்கொண்டார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்த வாரம் அங்கே என்ன ஆச்சு என்பதும் தெரியவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குத்தான் மையத்தின் டைரக்டர் மேடம் தடை போட்டார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. டிஸ்க் நிரம்பி வழிந்தது, அடுத்த மாதம் இன்னொரு புது ரிலீஸ் வரப்போகிறது, அதை வைக்க இடம் வேண்டும். மூத்ததை எடுத்துவிடுங்கள் என்று போன வருஷமே சொன்னவர், இந்த முறை கீழ்த்தளத்துக்கே இறங்கி வந்தார். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டே, அதை இன்னும் யார் உபயோகிக்கிறார்கள் என்று கேட்டார்.

"ஒரு இடத்துல யூஸ் பண்றாங்க மேடம்."

"ஒரே ஒரு இடத்துலயா? யாருன்னு தெரியுமா?"

"தெரிஞ்சவங்கதான்."

"அப்போ ஒரு போன் போட்டு, அப்கிரேட் பண்ணிக்கச் சொல்லுங்களேன். இதுக்கா சார் ஒரு வருஷம்?"

மாதக் கடைசிக்குள் முடித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் வெயிலைத் தேடி மேலே போய்விட்டார். மிரர்காரர் நாற்காலியில் அப்படியே இருந்தார். மூத்ததை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அண்ணன் கடைக் கம்ப்யூட்டர் வந்து கேட்கும், நீ கேட்கிற சரக்கு இங்கே இல்லை என்று மிரர் சொல்லும், அங்கே திரையில் பிழை என்று ஒரு எச்சரிக்கை வந்து நிற்கும். தினமும் நிற்கும். பொறுத்துப் பார்த்துவிட்டு அண்ணன் உள்ளூர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். அவன் வந்து, இதை எவன் போட்டது என்று சிரித்துவிட்டு, எல்லாவற்றையும் துடைத்து வேறு எதையாவது போட்டுவிட்டுப் போவான். அதோடு சரி. அதற்குப் பிறகு அண்ணன் கடை திறந்தாரா இல்லையா என்று சொல்ல ஒரு நாதி இருக்காது.

மேடம் சொன்ன வழி சுலபமான வழி. ஒரு போன். அதைத் தவிர மற்ற எல்லா வழியையும் அவர் யோசித்தார்.

கடைசியில் ஒரு வழி கிடைத்தது. மிரரில் மூத்தது இருக்கிற இடத்துக்குக் கதவு மாதிரி ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர்ப் பலகையை அப்படியே விட்டுவிட்டு, அதற்குப் பின்னால் நடுவிலதை வைத்துவிட்டால்? கம்ப்யூட்டர் வழக்கம்போல மூத்ததைத் தேடி வரும். உள்ளே நடுவிலது இருக்கும். இவ்வளவு புதுச் சரக்கா என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய்த் தானாகவே போட்டுக்கொள்ளும். தானாகப் போட்டுக்கொள்ளும்படிதான் அவர் அதை அமைத்திருந்தார். கொஞ்ச நாள் கழித்து அதே பலகைக்குப் பின்னால் கடைக்குட்டியை வைக்கலாம். அண்ணன் காதுக்கு எட்டாமல், போன் செய்யாமல், முகத்தைப் பார்க்காமல் வேலை முடிந்துவிடும்.

அவருடைய அறைக் கதவில் அவரே ஒட்டிய காகிதம் ஒன்று இருந்தது. ரிலீஸ் மாற்றும்போது ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களுக்கு அவர் சொல்கிற முதல் பாடம் அது. சின்னச் சின்ன அப்டேட் வேறு, ஒரு ரிலீஸிலிருந்து இன்னொன்றுக்குப் போவது வேறு. அதில் கம்ப்யூட்டர் நடுவில் நின்று கேள்வி கேட்கும். பதில் சொல்ல ஆள் வேண்டும். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுத்த மனுஷன், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, ஸ்டோரில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் சோதித்துப் பார்த்தார். அதில் சரியாக வந்தது. அதில் பிரிண்டர் இல்லை, ஸ்கேனர் இல்லை, அண்ணனுக்காக அவர் கையால் சேர்த்த டைப்பிங் சாமான்கள் இல்லை. அதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்றும் சொல்லலாம்.

மறுநாள் 'அண்ணன் கடை' வந்தது. எப்போதும் ஒரு வரியோடு திரும்புகிற கம்ப்யூட்டர், அன்றைக்கு வரி வரியாக, பக்கம் பக்கமாக அள்ளிக்கொண்டு போனது. மிரர்காரர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். பசியோடு வந்த பிள்ளைக்குப் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நிற்பது போல ஒரு திருப்தி. அன்று வாட்ச்மேனுக்கு அவரே டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த நாள் அது வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

என்ன நடந்திருக்கும் என்று கண்டுபிடிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. தானாக நடக்கிற அப்டேட், இருப்பதைத்தான் புதுசாக்கும். புதிதாகச் சேர்க்க வேண்டியதைச் சேர்க்காது, விலக்க வேண்டியதை விலக்காது. ஆகவே பாதி மூத்தது, பாதி நடுவிலது என்று இரண்டும் கெட்டானாக அது நின்றிருக்கும். ஆள் பக்கத்தில் இல்லாமல் கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். அண்ணன் சுவிட்சை அணைத்து மறுபடியும் போட்டிருப்பார். அதோடு எழுந்திருக்காது. கடையில் பிரிண்ட் எடுக்க வந்தவர்கள் வரிசையில் நிற்பதும், அண்ணன் மெஷினைத் தட்டித் தட்டிப் பார்ப்பதும் அவர் கண்முன் வந்துகொண்டே இருந்தது. அண்ணனுடைய பிழைப்பையே இங்கே உட்கார்ந்தபடி கெடுத்துவிட்டோம் என்று நினைத்தபோது, அத்தனை வருஷமும் வராத தைரியம் பதறிக்கொண்டு வந்தது. மேடத்திடம் லீவு சொல்லிவிட்டு, மூன்று ரிலீஸையும் ஒரு கைக்கடக்கமான டிஸ்கில் ஏற்றிக்கொண்டு, பஸ் ஏறினார்.

கடை அதே இடத்தில், மருந்துக் கடைக்கும் ஹெல்மெட் கடைக்கும் நடுவில் இருந்தது. ஜெராக்ஸ் மெஷினின் சூடும் மையின் வாடையும் வாசலுக்கே வந்து வரவேற்றன. வரிசை எதுவும் தடைபட்டு நிற்கவில்லை. அண்ணன் தலை நரைத்து, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தபடி, ஒரு பெண்ணுக்குச் சான்றிதழ்கள் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எதிரே புதுக் கம்ப்யூட்டர் ஒன்று. அகலமான திரை. அதிலிருந்துதான் பிரிண்ட் வந்துகொண்டிருந்தது.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வா என்று சொல்லவில்லை. காலால் ஒரு ஸ்டூலைத் தள்ளிவிட்டார். தம்பி உட்கார்ந்தார். அந்தப் பெண்ணுக்கு மீதிப் பக்கங்களை எடுத்து, அடுக்கி, ஸ்டேப்லர் அடித்துக் கொடுத்து அனுப்பினார் அண்ணன். பிறகு மூலையைக் காட்டினார். அங்கே பழைய கம்ப்யூட்டர், துணி போர்த்தி, இருந்தது. துணி விலகிய ஓரத்தில் கறுப்புத் திரையில் கோடு ஒன்று மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டு மூணு நாளா எழுந்திரிக்கல."

"வேலையெல்லாம் அதுலதானே?"

"அதுல எங்க? இது வாங்கி ரொம்ப நாளாச்சு."

தம்பிக்குப் புரியவில்லை. பிறகு ஏன் தினமும் போடுகிறாய் என்று கேட்டார். கடையைத் திறந்தால் எல்லா சுவிட்சையும் போடுவதுதானே, ஒரே போர்டுதான் என்றார் அண்ணன். சொல்லிவிட்டுப் பேப்பர் கட்டைப் பிரிக்க ஆரம்பித்தார். அதற்கு மேல் அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை. மேலே சுவரில் லேமினேஷன் போட்ட பட்டம் இன்னும் தொங்கியது, ஓரமெல்லாம் மஞ்சளடித்து. அதை ஏன் எடுக்கவில்லை என்று தம்பி கேட்கவில்லை. மாதிரிக்கு வேறு இல்லை என்றுதான் பதில் வரும்.

துணியை எடுத்து மடித்து வைத்தார். கீபோர்டை இழுத்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே சொன்னார்.

"நான்தான் கெடுத்தேன்."

"நீயா? நீ எங்க இங்க வந்தே?"

அங்கே இருந்தபடியே என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னார். மூத்தது, நடுவிலது, பெயர்ப் பலகை, ஸ்க்ரிப்டில் சேர்த்த வரி, தினமும் காலையில் இந்தக் கம்ப்யூட்டர் வந்து கேட்டால் கடை திறந்தாச்சு என்று தனக்குத் தெரிவது, ஒரு வாரம் வராமல் இருந்தது. சொல்லச் சொல்ல அண்ணன் பேப்பர் கட்டைப் பிரிப்பதை நிறுத்திவிட்டார். வாடிக்கையாளர் ஒருவர் வந்து நின்றார், சற்று நேரம் கழித்து வரச் சொல்லி அவரை அனுப்பினார்.

"அங்கேருந்து இங்க இருக்கிறதைக் கெடுக்க முடியுது. அங்கேருந்து நான் கடை தொறந்தனா இல்லையான்னு பாக்க முடியுது. ஒரு போன் போட முடியாதாடா உன்னால?"

தம்பி டிஸ்கைச் சொருகி வேலையை ஆரம்பித்தார்.

அது சீக்கிரம் முடிகிற வேலை இல்லை. முதலில் பாதியில் நின்றதைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மூத்ததாகவே நிமிர்த்தி நிற்க வைத்தார். அப்புறம் நடுவிலதுக்கு. அது நிலைத்து நின்றதா என்று அணைத்துப் போட்டுப் பார்த்த பிறகுதான் கடைக்குட்டிக்கு. ஒரேயடியாகத் தாவக் கூடாது. இந்த முறை ஆள் பக்கத்தில் இருந்தார்.

மத்தியானம் அண்ணி சாப்பாடு கொண்டுவந்தார். கொழுந்தனைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, கேரியரைப் பிரித்து, இரண்டு தட்டு வைத்தார். தண்ணீர்ப் பாட்டிலைப் பார்த்து, வந்தவங்க கை கழுவிட்டு வரலாம் என்றார். தட்டில் பரிமாறிக்கொண்டே கரண்டியிடம், அந்தப் பொண்ணு நல்லா இருக்கா, ரெண்டு பிள்ளைங்க என்றார். தம்பி சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவப் போனபோது, தட்டைப் பிடுங்கிக்கொண்டு, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தார்.

"வேண்டாம்னு சொன்னீங்களே, அதுல தப்பில்ல. எங்ககிட்ட வந்து சொல்லியிருந்தா நாங்க கடிச்சா தின்னிருப்போம்?"

வெயில் தாழும்போது கடைக்குட்டி கிட்டத்தட்ட முழுசாக ஏறிவிட்டது. கடைசியில் ஒரு இடத்தில் நின்று கேள்வி கேட்டது. எல்லா அப்கிரேடிலும் வருகிற கேள்விதான். இந்த அமைப்புக் கோப்பை நீ கையால் மாற்றி வைத்திருக்கிறாய், உன்னுடையதை வைத்துக்கொள்ளவா, புதிதாக வந்ததைப் போடவா. கம்ப்யூட்டர் தன்னை 'அண்ணன் கடை' என்று சொல்லிக்கொள்வது அந்தக் கோப்பில்தான் இருந்தது. மிரர்காரரின் விரல் விசைக்கு மேலேயே நின்றது.

பின்னால் வந்து நின்ற அண்ணன், என்ன கேட்கிறது என்றார்.

"பழசை வச்சா நீ கடை தொறக்கிறது எனக்கு அங்க தெரியும். புதுசு போட்டா தெரியாது. ஆயிரம் கம்ப்யூட்டர்ல இதுவும் ஒண்ணா வரும், போகும்."

அண்ணன் திரையையும் தம்பியின் பிடரியையும் மாறி மாறிப் பார்த்தார். "புதுசே போடு" என்றார்.

தம்பி திரும்பவில்லை. விசையைத் தட்டினார். கம்ப்யூட்டர் அதை ஏற்றுக்கொண்டு மளமளவென்று மிச்சத்தை முடித்தது. அண்ணன் கல்லாப் பக்கம் போய், வந்திருந்த ஆளுக்கு ஜெராக்ஸ் எடுக்கத் தொடங்கினார். மெஷின் வெளிச்சம் போய்வந்து கொண்டிருக்கும்போது, இந்தப் பக்கம் பார்க்காமலே சொன்னார்.

"கேட்டா சொல்ல மாட்டேனா என்ன?"

பஸ் நிலையம் வரைக்கும் யாரும் கூட வரவில்லை. கடை நேரம், அண்ணனால் விட்டுவிட்டு வர முடியாது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மடியில் டிஸ்கை வைத்துக்கொண்டு, ஊர் தாண்டும் வரைக்கும் கடைகளின் பலகைகளை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி படித்துக்கொண்டே போனார்.

மறுநாள் கீழ்த்தளத்தில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, ஸ்க்ரிப்டைத் திறந்து அந்த ஒரு வரியை எடுத்தார். ஓட்டினார். மூத்தது சத்தமில்லாமல் போய்விட்டது, டிஸ்கில் தாராளமாக இடம் விழுந்தது. மேடத்துக்கு மேலே தகவல் சொன்னபோது, பார்த்தீங்களா, ஒரு போன்ல முடிஞ்சிருச்சு என்று அவர் சந்தோஷப்பட்டார். ஆமாம் மேடம் என்றார்.

பிறகு பழக்க தோஷத்தில் பதிவைத் திறந்தார். கடைக்குட்டியைக் கேட்டு வந்த வரிகள் மழை மாதிரி ஓடின. கல்லூரி, ஆபீஸ், வீடு, கடை, எல்லாமே ஒரே மாதிரி. அதில் ஒன்று அண்ணனுடையது. எது என்று தெரியவில்லை. வழக்கமாக அது வருகிற நேரம் வந்தது. அந்த நேரத்தில் வந்த வரிகளை உற்று உற்றுப் பார்த்தார். இதுவாக இருக்குமோ, அதுவாக இருக்குமோ. அந்த அறை இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவ்வளவு பெரிதாக இருந்தது. ஏசியின் உறுமலைத் தவிர எதுவும் இல்லை. வாட்ச்மேனும் வரவில்லை.

பதிவை மூடினார். போனை எடுத்து அண்ணன் பெயர் வரைக்கும் போனார். அங்கே எப்போதும் நிற்கிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அழுத்தினார்.

மணி போய்க்கொண்டே இருந்தது. வைத்துவிடலாம் என்று நினைத்த நேரத்தில் எடுத்தார்கள்.

"கடை தொறந்தாச்சா?" என்றார் தம்பி.

"தொறந்தாச்சு." அண்ணனின் குரல்தான். "என்ன, மறுபடியும் அங்கேருந்து ஏதாவது பண்ணிட்டியா?"

"இல்ல. இங்கேருந்து இப்ப ஒண்ணும் தெரியாது. அதான் கேக்குறேன்."

அந்தப் பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. எத்தனை காப்பி என்று அண்ணன் கேட்டார், யாரோ ஏதோ பதில் சொன்னார்கள். மறுபடியும் மெஷின் ஓடியது. போனை அண்ணன் வைக்கவில்லை.